பவளத் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு: கேள்வி பதில்

தொட்டியின் ஆழம், தண்ணீர்மட்டத்திலிருந்து விளக்கின் உயரம், பவளத்தின் வகை ஆகிய மூன்றையும் எழுதிக் கேளுங்கள். அவை இல்லாமல் பதில் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து: பழைய குழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினேன். சில நாட்களிலேயே அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தின் மேல்பக்கம் வெளுத்துவிட்டது. நோயா?

எங்கே வெளுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிளைகளின் மேல்பக்கம் வெளுத்து, நிழல் விழும் அடிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருந்தால் காரணம் ஒளிதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளுத்த இடத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய தசையும், பாலிப்புகள் எனப்படும் சின்னஞ்சிறு பவள உயிர்களும் தெரிந்தால் பவளம் உயிரோடு இருக்கிறது. தசையே இல்லாமல் வெறும் சுண்ணாம்பு எலும்பு மட்டும் தெரிந்தால், அதுவும் அடியிலிருந்து மேலே ஏறினால், அது வேறு சிக்கல். அப்போது விளக்கை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

பவளத்தின் தசைக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிதான் ஒளியை உணவாக்கி அதற்குத் தருகிறது. பழகியதைவிட அதிக ஒளி திடீரென விழுந்தால், பாசிக்குள் உருவாகும் வீரியமான ஆக்சிஜன் வகைகள் பவளத்தின் திசுவையே தாக்கும். அதனால் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெளுப்பு என்பது இதுதான்.

உடனே ஒளியைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது பவளத்தை மணலுக்கு அருகில் இறக்குங்கள். பாலிப்புகள் மறுபடி விரிந்து, லேசான பழுப்பு திரும்பும்வரை கூட்டாதீர்கள். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் கூட்டிக் கொன்ற பவளங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கடிதங்கள் வருகின்றன.

துபாயிலிருந்து: விளக்கை எத்தனை சதவீதத்தில் வைக்கலாம்?

சதவீதம் ஓர் அளவே அல்ல. ஒரு விளக்கின் 40 இன்னொரு விளக்கின் 80ஐவிடப் பிரகாசமாக இருக்கலாம். பவளம் இருக்கும் இடத்தில் விழும் பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) அளவுதான் முக்கியம். அது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்ற கணக்கு. காளான் பவளம், ஸோவாந்தஸ் போன்ற மென்வகைகளுக்கு 50 முதல் 120 போதும். யூஃபீலியா போன்ற பெரிய பாலிப் கற்பவளங்களுக்கு 80 முதல் 150. அக்ரோபோரா, மாண்டிபோராவுக்கு 200 முதல் 350.

பார் மீட்டரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். நடுவில், மூலையில், பாறை உச்சியில், மணலில் என்று அளந்து தாளில் குறித்து வையுங்கள். விளக்குக்கு நேர் கீழே இருப்பதில் பாதிகூட மூலையில் இராது. விளக்கை மாற்றுவதைவிடப் பவளத்தை இடம் மாற்றுவது எத்தனையோ சிக்கலைத் தீர்த்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து: என் விளக்கில் எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?

துபாய் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டொராண்டோவிலிருந்து: வெள்ளையை முழுவதும் அணைத்து, நீலத்தை மட்டும் எரிய விடுகிறேன். நிறம் அள்ளுகிறது. பிறகு வெள்ளை எதற்கு?

பவளம் வளர நீலம் மட்டும் போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆழத்துக்குப் போவது நீலமே. 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஒளியைச் சூசாந்தெல்லே நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும் ஒளிர்புரதங்களும் நீலத்தில்தான் எடுப்பாகத் தெரியும்.

ஆபத்து நம் கண்ணில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சையை மிகப் பிரகாசமாக உணரும், 450இன் நீலத்தை மங்கலாகவே உணரும். 'வெளிச்சம் போதவில்லை' என்று நீலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், பவளத்தைச் சுட்டுவிடுகிறார்கள்.

மீண்டும் டொராண்டோ: கைப்பேசியில் லக்ஸ் அளந்தேன், குறைவாகத்தான் காட்டுகிறது.

குறைவாகத்தான் காட்டும். லக்ஸ் மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி வகுத்த அளவு. நீல விளக்கில் அதை நம்பாதீர்கள்.

லண்டனிலிருந்து, டொராண்டோ வாசகருக்கு மறுப்பு: இயற்கைச் சூரிய ஒளிபோல எல்லா நிறமும் வேண்டாமா? நான் சிவப்பையும் சேர்த்து எரிய விடுகிறேன்.

வெள்ளை கொஞ்சம் இருக்கட்டும் என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஒளிராத ஊதா, நீல நிறமிகளை நீல விளக்கில் காணவே முடியாது. வெளுப்பும் அந்த மினுக்கத்தில் மறைந்துவிடும். தினமும் அரை மணி நேரமாவது வெள்ளையில் பாருங்கள். சிவப்பில் உடன்படமாட்டேன். ஸ்டைலோஃபோரா பவளத்தை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், சிவப்பு ஒளி சூசாந்தெல்லேயின் எண்ணிக்கையைக் குறைத்தது. சிவப்பை ஐந்து சதவீதத்துக்குள் வையுங்கள்.

இருவருக்கும் ஒன்று: நிற விகிதத்தை மாற்றும்போதும் மொத்த ஒளி மாறுகிறது. அதையும் மெதுவாகவே செய்யுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து: பவளம் பழுப்பாகிவிட்டது. ஒளியைக் கூட்டலாமா?

முதலில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள். அவை மிகுந்தால் சூசாந்தெல்லே பெருகி, நிறமிகளைப் பழுப்பு மூடிவிடும். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். என இருக்கட்டும். பூஜ்யமாக்கிவிடாதீர்கள், பட்டினியும் வெளுக்கச் செய்யும். இவை சரியாக இருந்து, பார் அளவும் குறைவென்றால் மட்டும் கூட்டுங்கள். எப்படி என்று இனி உங்களுக்கே தெரியும்: வாரம் ஐந்து.

தூத்துக்குடியிலிருந்து: தீவுப் பக்கம் கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்துத் தொட்டியில் வளர்க்கலாமா?

கூடாது. கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இறந்த துண்டை வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அங்கே மிஞ்சியிருப்பதில் ஒரு துண்டும் நம் வீட்டுக்கு வரக் கூடாது. உங்களுக்கு வாசலிலேயே கடல் இருக்கிறது, அங்கேயே போய்ப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: மீனின் மேல் வெள்ளைப் புள்ளிகள். விளக்குக் காரணமா?

இல்லை. மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பவளம் இருக்கும் தொட்டியில் தாமிர மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

மஸ்கட்டிலிருந்து: எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம்?

சதவீதத்துக்கு மூன்றாம் முறையாகப் பதில் எழுதமாட்டேன், மேலே இருக்கிறது. நேரம்: முழு ஒளி எட்டு மணி நேரம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஏற்றமும் இறக்கமும்.

பினாங்கிலிருந்து: நிலவொளிபோல மங்கலான நீலத்தை இரவு முழுவதும் எரிய விடலாமா?

வேண்டாம். பல பவளங்கள் இருட்டியபின்தான் உணவைப் பிடிக்கும் மெல்லிய இழைகளை நீட்டும். பார்க்க ஆசையென்றால் அரை மணி நேரம் எரிய விடுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள்.