கிட்டாரைத் திருப்பிக் கொடுங்கள், தங்கச்சி

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, என் மகனுக்கு 16 வயது. ஏழு வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். அணியில் அவன்தான் கோலி, கோல் வலையைக் காப்பவன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி அவனைக் கூட்டிக்கொண்டு ஓடிய நாட்களுக்குக் கணக்கே இல்லை. போன கோடையில் அதே அணிப் பெடியன்கள் மூன்று பேரோடு சேர்ந்து எங்கள் பேஸ்மென்டில் ஒரு ரொக் இசைக்குழு தொடங்கினான். பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு முந்தின இரவு பள்ளிக்கூட நிகழ்ச்சியில் வாசிக்கப் போகிறார்களாம். "ஷான் வைட்டே கிட்டாராலதான் ஒலிம்பிக்கைக் கோட்டை விட்டார்" என்று கோச் சொல்ல, அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் கிட்டாரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். மகன் இரண்டு கிழமையாக எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் யாராவது இரண்டையும் செய்திருக்கிறார்களா? நான் யார் பக்கம் நிற்பது?
ஒரு அம்மா, ஸ்காபரோ

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்தக் கிட்டாரை எடுத்து அவன் கையில் கொடுங்கள். 16 வயதுப் பிள்ளையின் பொருளை ஒளித்து வைத்து அவனைப் பணிய வைத்தால், அந்தப் பணிவு பிளேஓஃப் முடியும்வரைகூடத் தாங்காது. உங்கள் வீட்டுக்காரர் பயத்தில்தான் செய்திருக்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒளித்தவரே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை.

சரி, கோச் சொன்ன கதைக்கு வருவோம். அவர் சொன்னது பாதிக் கதை.

ஷான் வைட், ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகை விளையாட்டில், 2006இல் டூரின் ஒலிம்பிக்கிலும் 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கிலும் ஹாஃப்பைப் (அரைக்குழாய் வடிவப் பனிப்பாதை) தங்கம் வென்றவர். அதற்குப் பிறகு 'பேட் திங்ஸ்' என்ற ரொக் குழுவில் கிட்டார் வாசித்தார். 2013 ஓகஸ்டில் சிகாகோவின் லொல்லபலூசா இசை விழாவில் அந்தக் குழு மேடையேறியது. 2014 ஜனவரியில் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த மாதமே சோச்சி ஒலிம்பிக். அங்கே ஹாஃப்பைப்பில் அவர் நான்காவதாக வந்தார். சுவிட்சர்லாந்தின் யூரி பொட்லாட்சிகோவ் தங்கம் எடுத்தார், 15 வயது ஜப்பான் பையன் ஆயுமு ஹிரானோ வெள்ளி எடுத்தான். உடனே எல்லோரும் கிட்டாரைக் கை காட்டினார்கள். ஆனால் அந்த ஹாஃப்பைப்பின் பனி இளகிப்போய்ச் சரியில்லை என்று பல வீரர்கள் குறைப்பட்டதும் உண்மை. அது போதாதென்று, அவர் அந்த முறை ஸ்லோப்ஸ்டைல் என்ற இன்னொரு போட்டிக்கும் பெயர் கொடுத்து, பிறகு பாதை ஆபத்தானது என்று விலகியிருந்தார். இத்தனைக்கும் நடுவில் கிட்டாரின் பங்கு எவ்வளவு என்று யாரால் அளந்து சொல்ல முடியும்? நான்கு வருடம் கழித்து, 31 வயதில், 2018 பியோங்சாங்கில் கடைசி ஓட்டத்தில் 97.75 புள்ளி எடுத்து மூன்றாவது தங்கத்தையும் வாங்கினார். கோச் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

என்னைக் கேட்டால், அவர் கிட்டார் வாசித்தது பிழையில்லை. ஜனவரியில் ஆல்பமும் பெப்ரவரியில் ஒலிம்பிக்கும் என்று நாள் குறித்ததுதான் பிழை. உங்கள் மகனும் இப்போது அதே பிழையைத்தான் செய்யப் பார்க்கிறான்.

வைட்டின் கதையில் இன்னொன்றும் உண்டு. குழுவில் டிரம்ஸ் வாசித்த பெண் 2016இல் அவர்மேல் வழக்குப் போட்டார். தனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்பதும் பாலியல் தொந்தரவும் அவருடைய குற்றச்சாட்டு. 2017இல் அது சமரசத்தில் முடிந்தது. இதையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூட வாசிப்பவரை எப்படி நடத்துகிறோம் என்பது இந்த வயதிலேயே பழக வேண்டிய விஷயம்.

இரண்டையும் செய்தவர் உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் மகனைப் போல ஒரு கோலியையே சொல்கிறேன். ஸ்வீடன்காரர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியில் 15 பருவங்கள், 459 வெற்றிகள், 2006இல் ஸ்வீடனோடு ஒலிம்பிக் தங்கம், 2012இல் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லின் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை. அவரும் கிட்டார்காரர்தான். ரொக் குழுவில் வாசித்தவர். டென்னிஸ் வீரர் ஜோன் மெக்கன்ரோவோடு சேர்ந்தும் வாசித்திருக்கிறார். கனடாக்காரர் ட்ரெவர் ஆண்ட்ரூவும் இருக்கிறார், 1998, 2002 ஒலிம்பிக்குகளில் ஸ்னோபோர்ட் விளையாடியவர். முழங்காலில் அடிபட்டு வீட்டில் கிடந்த காலத்தில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கி, 'ட்ரபிள் ஆண்ட்ரூ' என்ற பெயரில் ஆல்பமே வெளியிட்டார்.

தங்கச்சி, கோலிப் பிள்ளைக்கு ஏன் இந்த இசை தேவைப்படுகிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? என் அண்ணன் மகனும் கோலியாக இருந்தவன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பிழை விட்டால் அடுத்த ஆள் பார்த்துக்கொள்வான், ஒரு நிமிடத்தில் பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள். கோலிக்குப் பின்னால் ஆள் இல்லை. பக் என்ற அந்த ஹொக்கி வட்டு வலைக்குள் போனதும் அவன் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அரங்கம் முழுக்க அதைப் பார்க்கும். அவன் மட்டும் திரும்பாமல், கம்பத்தை மட்டையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி குனிந்து நிற்பான். பேஸ்மென்டில் அந்த விளக்கு இல்லை. ஒரு சுரம் பிசகினால் டிரம்ஸ் சத்தத்தில் அது கரைந்துபோகும், நாலு பேரும் சிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். கிழமைக்கு ஒரு நாளாவது அந்தப் பிள்ளை அப்படி இருக்க வேண்டாமா? இதைப் பிடுங்கினால் அவன் ஆட்டம் நன்றாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

நான் பயப்படுவது வேறு இரண்டு விஷயத்துக்கு. ஒன்று காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் வரையறுத்திருக்கிறது. தாழ்ந்த கூரை, சீமெந்துச் சுவர், நடுவில் ஒரு டிரம் செட் என்றால் 100ஐத் தொடுவது பெரிய காரியமில்லை. அண்ணன் வீட்டுப் பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பாட்டுக் கேட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்தும் காது இரைந்தது. இசைக்காரர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறார்கள், நாலு பேருக்கும் வாங்கிக் கொடுங்கள். கோலிக்குக் காது கண் மாதிரி.

மற்றது தலை. ஆட்டத்தில் அடிபட்டுக் கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) வந்தால் பெருஞ்சத்தமும் கூசும் வெளிச்சமும் தலையிடியைக் கூட்டும். கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், வைத்தியரிடம் காட்டாமல் திரும்ப விடக்கூடாது என்பது ஒன்ராறியோவின் ரோவன் சட்டம். 2013இல் றக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்த 17 வயது ஒட்டாவாப் பிள்ளையின் பெயரில் 2018இல் வந்தது. அந்த விதியை உங்கள் வீட்டில் பேஸ்மென்டுக்கும் போட்டு வையுங்கள். தலையிடியை மறைத்துக்கொண்டு ஐஸில் இறங்கும் பெடியன்கள் இருக்கிறார்கள். அதை மறைத்துக்கொண்டு கிட்டாரைத் தூக்கவும் கூடும்.

அப்புறம் அந்த முந்தின இரவு. இங்கே நான் கோச்சின் பக்கம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேர நித்திரை வேண்டும். மேடை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை படுத்தவுடன் தூங்காது, காதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக நிகழ்ச்சியை அடியோடு விடச் சொல்லாதீர்கள். பொறுப்பான ஆசிரியரிடம் அவனே போய், தங்கள் குழுவை முதலாவதாக மேடையேற்றும்படி கேட்கட்டும். ஏழு மணிக்கு வாசித்தால் ஒன்பதுக்குப் படுக்கையில் இருக்கலாம். சாமான்களை ஏற்றி இறக்கும் வேலையை அன்றைக்கு அப்பாமார் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் மறுத்தால், பிளேஓஃப் முடிந்த சனிக்கிழமை உங்கள் வீட்டிலேயே வாசிக்கட்டும். அயலவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். இன்றிரவு மூன்று பேரும் குசினி மேசையில் இருங்கள். ஹொக்கி அட்டவணையை நடுவில் வையுங்கள். எந்தெந்த நாள் இசைக்கு என்று பேனையால் அவனே எழுதட்டும். முதல் அரை மணி நேரம் அவன் வாய் திறக்காமல் இருந்தாலும் எழும்பிப் போய்விடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா