லேபிளைப் பார்த்துப் பெற்றோரை எடைபோடலாமா? – வாசகர் கேள்வி பதில்

“பிள்ளைக்கு எந்தக் கடையில், எந்தப் பெயரில் உடை வாங்குகிறோம் என்பது பிள்ளையைவிட நம்மைப் பற்றியே அதிகம் சொல்கிறது” என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அதை ஏற்றும் மறுத்தும் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் தருகிறேன்.

கோவை வாசகி: உறவினர் வீட்டுக் காதுகுத்து விழாவில் என் இரண்டு வயது மகளைத் தூக்கிக் கொஞ்சிய ஒரு பெண்மணி, அவளுடைய கவுனின் கழுத்தைப் பின்புறம் திருப்பி லேபிளைத் தேடினார். அது திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய சர்ப்ளஸ் துணி. லேபிள் பாதி வெட்டப்பட்டிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் என்னிடம் பேசிய தோரணை மாறிவிட்டது. துணியின் பெயரைக் கொண்டு ஒரு தாயை மதிப்பிடுவது சரிதானா?

சரியில்லை. அவர் தேடிய விடை அந்த லேபிளில் இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையாகும் குழந்தை உடைகளில் கணிசமானவற்றைத் திருப்பூரும் அவினாசியும்தான் தைத்து அனுப்புகின்றன. குழந்தைகளுக்கான பின்னலாடையையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு, 2016இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அவினாசியில் இருக்கிறது. ஓர் ஆர்டருக்குத் துணி வெட்டும்போது, தையலிலும் அச்சிலும் கழிந்துபோகக்கூடியவற்றை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். அதில் மிஞ்சியவையும், கப்பலேற வேண்டிய தேதி தவறியவையும், வாங்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வேண்டாமென்று விட்டவையும் சர்ப்ளஸ் என்ற பெயரில் காதர்பேட்டைக்கு வருகின்றன. அந்தப் பெயரில் விற்கும் உரிமை பிராண்டின் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு என்பதால்தான் லேபிளை வெட்டுகிறார்கள். துணியில் குறை இருக்க வேண்டுமென்பதில்லை. உங்கள் மகளின் கவுனோடு சேர்த்து வெட்டித் தைத்த இன்னொன்று, லண்டன் கடை ஒன்றில் பல மடங்கு விலைக்குத் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

அப்படியிருந்தும் அவர் லேபிளைத் தேடினாரே, ஏன்? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். வசதி படைத்த ஒருவரின் செல்வத்தை அவருடைய சொந்த உடை மட்டும் அல்லாமல், அவருடைய மனைவியும் பணியாட்களும் உடுத்தும் உடையும் ஊருக்கு எடுத்துச் சொல்கிறது என்பது அவருடைய கருத்து. இன்றைய நடுத்தரக் குடும்பத்தில் அந்த வேலை பெருமளவுக்குக் குழந்தையின் தலையில் விழுந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தனக்கு ஒரு விலையுயர்ந்த சேலை எடுத்தால் மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை கணக்குக் கேட்பார்கள் என்று தயங்கும் ஒரு பெண், குழந்தைக்கு அதே பணத்தைச் செலவிடும்போது எவரும் கேள்வி கேட்பதில்லை. அதற்குப் பாசம் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. பகட்டும் பாசமும் ஒரே சட்டையில் கலந்திருக்கும்போது, எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்துச் சொல்லவே முடியாது.

ஆகவே பிராண்டைக் கொண்டு அன்பின் அளவையோ வளர்ப்பின் தரத்தையோ அறிய முயல்வது வீண். அதில் ஓரளவு தெரியக்கூடியது, வாங்கிய நேரத்தில் பெற்றோரின் மனத்தில் யாருடைய கண்கள் இருந்தன என்பதுதான். அண்ணன் போட்டுக் கழித்த சட்டையை மட்டுமே போட்டு வளர்ந்த ஒரு தந்தை, தன் மகனுக்குப் பெரிய கடையில் மட்டுமே வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால், அவர் முன்னால் நிற்பது அன்றைய பள்ளித் தோழர்களின் கண்கள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய தாய் சம்பளம் வந்த அன்றே ஓர் உடை வாங்கி வந்தால், அவர் ஈடுசெய்ய நினைப்பது பிரிந்திருந்த மணிநேரங்களை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு, மாலை நேர விளையாட்டுத் திடலில் நிற்கும் மற்றப் பெற்றோரின் பார்வைதான் பெரிது. இவர்களில் ஒருவரையும் என்னால் அற்பமானவர் என்று சொல்ல முடியவில்லை. உங்களைச் சங்கடப்படுத்திய அந்தப் பெண்மணியின் குழந்தையின் கழுத்தையும் எங்கோ ஒரு விழாவில் யாரோ திருப்பிப் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை யாராவது அப்படித் தேடினால், காதர்பேட்டையில் எந்தக் கடை, என்ன விலை என்று தயங்காமல் சொல்லுங்கள். பலர் முகவரியைக் குறித்துக்கொள்வார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பெங்களூரில் இருக்கும் என் மகனும் மருமகளும் ஆறு மாதப் பேரனுக்கு ஒரு வெளிநாட்டு பிராண்டின் உடைகளை மட்டுமே வாங்குகிறார்கள். ஓர் உடை இரண்டாயிரம் ரூபாய். மூன்றே மாதத்தில் சிறிதாகிவிடுகிறது. நாங்கள் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தோம். இது ஆடம்பரமா, அறியாமையா?

இரண்டும் இல்லை ஐயா. பெரும்பாலும் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடக்கூடாது, வீட்டுப் பெரியவர்கள் உடுத்தித் துவைத்த துணியைத்தான் முதலில் போட வேண்டும் என்ற வழக்கம் நம் ஊர்களில் பல குடும்பங்களில் இருந்தது. அம்மாவின் நூல் சேலையில் தூளி, தாத்தாவின் வேட்டியில் துணி விரிப்பு. சடங்கு என்ற பெயரில் வந்தாலும் அதில் நல்ல அறிவு இருந்தது. நூறு முறை துவைத்த துணியில் கஞ்சியும் இருக்காது, ஒட்டாத சாயமும் இருக்காது. நூல் தேய்ந்து மெத்தென்று இருக்கும். இன்றும் புது உடையை ஒருமுறை அலசிய பிறகே குழந்தைக்குப் போடச் சொல்வது, துணிக்கு மெருகேற்றச் சேர்த்த வேதிப்பொருள்களும் மிஞ்சிய சாயமும் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

எந்தத் துணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல அந்தக் காலத்து இளம் தாயின் அருகில் ஒரு பாட்டி இருந்தார். உங்கள் மருமகளுக்கு அருகில் யாரும் இல்லை. கைப்பேசியில் ஆயிரம் உடைகளைப் பார்த்துவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல், பலர் நம்புகிற ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார். அந்த இரண்டாயிரம் ரூபாயில் ஒரு பகுதி துணிக்கு. மறு பகுதி, தவறு செய்துவிடவில்லை என்ற நிம்மதிக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முதல் குழந்தையைத் தனியாக வளர்ப்பவர்களுக்கு அந்த நிம்மதி அவசியமாகவே இருக்கிறது.

சிறிதாகிப் போவது பற்றி: குழந்தையின் எடை பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. எந்த நிறுவனம் தைத்தாலும் மூன்று மாதக் கணக்கில்தான் அளவு பிரிக்க முடியும். ஆனால் நம் தையற்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பட்டுப் பாவாடையை நீளமாக எடுத்து, கீழே இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்துவிடுவார்கள். பெண் வளர வளர ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் போதும். ஒரே பாவாடை நான்கைந்து ஆண்டு வரும். பிரித்த இடத்தில் மடிப்பின் கோடு தெரியும். அதை எவரும் குறையாகப் பார்த்ததில்லை.

நீங்கள் அறிவுரை கூறிக் கடிதம் எழுத வேண்டாம். நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய நான்கு பழைய வேட்டிகளையும், பாட்டியின் நூல் சேலை ஒன்றையும் மடித்து அனுப்புங்கள். அவர்கள் வாங்கிய விலையுயர்ந்த உடைகளைத் தூக்கிப் போடாமல் அடுத்து வரும் பிள்ளைக்கு எடுத்துவைக்கும்படி மட்டும் சொல்லுங்கள்.

சேலம் வாசகர்: பெரிய பிராண்ட் என்றால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது உண்மையா?

பாதி உண்மை. ஏற்றுமதி உடைகளுக்கு விதிகள் கடுமையானவை. கழுத்தில் நாடா இருந்தால் அது சறுக்கு மரத்திலோ வாகனக் கதவிலோ சிக்கிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், 1996 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் மேலாடைகளில் அதைத் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதல் இருக்கிறது. ஐரோப்பாவிலும் இதற்கெனத் தனித் தரநிலை உண்டு. அமெரிக்காவுக்குத் தைக்கப்படும் குழந்தைகளின் இரவு உடை, எளிதில் தீப்பற்றாத துணியாக இருக்க வேண்டும், அல்லது உடம்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும். சர்ப்ளஸ் கடையில் வாங்கிய இரவு உடை பிடிப்பாக இருக்கிறதே என்று பல தாய்மார்கள் ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். அந்தப் பிடிப்பு பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. அசோ என்ற வகைச் செயற்கைச் சாயங்களில் தீங்கானவற்றை நம் நாடும் 1990களிலேயே தடைசெய்துவிட்டது.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற சான்றில் முதல் வகுப்பு, மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது. தீங்கான பொருள்களுக்கான வரம்பு அதில்தான் மிகக் கடுமையாக இருக்கும். பிராண்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சான்றைத் தேடுங்கள். பெயர் இல்லாத உடை என்றால் பொத்தானை இழுத்துப் பாருங்கள், கழுத்து நாடாவை உருவி எறியுங்கள், உட்புறத் தையல் உறுத்துகிறதா என்று உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

சென்னை வாசகி: நாங்கள் பிராண்டு எதுவும் வாங்குவதில்லை, இயற்கைப் பருத்தி, இயற்கைச் சாயம் மட்டுமே. நண்பர்கள் இதையும் ஒரு பகட்டு என்கிறார்கள். மனம் வருந்துகிறது.

உங்கள் அக்கறை உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிந்த ஒருவர், பிள்ளையின் சட்டையில் உள்ள நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் பிறந்தநாள் பரிசாக வந்த பாலியெஸ்டர் கவுனைக் குழந்தை ஆசையோடு எடுக்கும்போது நீங்கள் பிடுங்கி வைத்தீர்களானால், அப்போது அந்த உடை உங்கள் கொள்கைக்கு அடையாளமாகிவிட்டது என்று பொருள். குழந்தை அதைச் சுமக்க வேண்டியதில்லை.

மதுரை வாசகி: நான்காம் வகுப்பில் படிக்கும் மகன் குறிப்பிட்ட ஒரு பிராண்டின் ஷூதான் வேண்டும் என்று அழுகிறான். வாங்கிக் கொடுத்தால் நாங்கள் பலவீனமான பெற்றோரா?

இல்லை. இருப்பவர் வீட்டுப் பிள்ளை, இல்லாதவர் வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாட்டை மறைப்பதற்காகவே சீருடை வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை இலவசமாகக் கிடைப்பதன் பெருமையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஆனால் சட்டை ஒன்றாகிவிட்ட இடத்தில், பிள்ளைகளின் கண்கள் ஷூவுக்கும் பைக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நகர்ந்துவிடுகின்றன. உங்கள் மகன் கேட்பது ஷூவை அன்று. வகுப்பில் தனித்துத் தெரியாமல் இருப்பதை. உங்களால் முடிந்த தொகையைச் சொல்லுங்கள், அதற்குள் அவனையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். முடியாதென்றால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். “அதெல்லாம் நல்லதில்லை” என்று பொய் சொல்ல வேண்டாம்.

திருப்பூர் வாசகி: பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் உடைகளை நாள் முழுவதும் கையில் எடுக்கிறேன். என் மகளுக்கு, சிறு குறைக்காகக் கழித்த செகண்ட்ஸ்தான் வாங்குகிறேன். “பிள்ளைக்கு நல்லதாக ஒன்று எடுக்கக் கூடாதா?” என்று அவளுடைய தோழியின் தாய் கேட்டுவிட்டார். நான் குறை வைக்கிறேனா?

இல்லை அம்மா. இந்தக் கடிதங்களை எழுதிய அனைவரிலும் குழந்தை உடையைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தான். நிறம் ஒரு சாயல் மாறியது, அச்சு சற்றே விலகியது, அளவுச் சீட்டு தவறியது ஆகியவை பிள்ளைக்கு ஒரு தீங்கும் செய்யாது. தளர்ந்த அழுத்துப் பொத்தான் செய்யும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: உடைந்த ஊசித் துண்டு உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கடைசியில், பெட்டியில் அடைப்பதற்கு முன்புதான் நடக்கிறது. அதற்கு முன்பே கழித்து ஒதுக்கிய பீஸ்கள் அந்தச் சோதனையைத் தாண்டியிருக்காது. மகளுக்கு எடுக்கும் உடையின் மடிப்புகளை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

பிராண்டுகளைப் பற்றிப் பேசும் பெற்றோர், அதைத் தைக்கும் பெற்றோரைப் பற்றிப் பேசுவது அரிது. 2022இல் திண்டுக்கல் பகுதி ஆலை ஒன்றில் பெண் தொழிலாளர்களை வன்முறையிலிருந்து காக்கும் ஒப்பந்தத்தில், பெரும்பாலும் தலித் பெண்கள் வழிநடத்தும் ஒரு தொழிற்சங்கமும் எச் அண்ட் எம், கேப் போன்ற நிறுவனங்களும் கையெழுத்திட்டன. ஒரு பெயரை நம்பி வாங்குவதாகச் சொல்பவர்கள் அந்தப் பெயர் உங்களை எப்படி நடத்துகிறது என்றும் கேட்கத் தொடங்கினால், அது அவர்களைப் பற்றி நல்ல விதமாகச் சொல்லும்.

தோழியின் தாய்க்கு நீங்கள் விளக்கம் தர வேண்டிய தேவையில்லை. ஆனால் உங்கள் மகள் இதே கேள்வியைக் கேட்டால், ஒரு சட்டையைக் கையில் எடுத்து, எந்தக் குறைக்காக அது கழிக்கப்பட்டது என்று அவளிடம் காட்டிச் சொல்லுங்கள்.