காணியை விற்க வேண்டாம், அம்மா

சனிக்கிழமை மகளின் மேற்படிப்புப் பற்றி ஆலோசனை கேட்டு நீங்கள் மூன்று பேரும் வந்து போன பிறகு, நான் சொன்னது போதாது என்று பட்டது. "பயப்படாதீங்கோ, பிள்ளை கெட்டிக்காரி, நேரம் இருக்கு" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் லண்டன் பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகச் சாவகச்சேரிக் காணியை விற்று மகளை எம்.பி.ஏ. படிக்க அனுப்புவது பிழை. அதை அன்றைக்கே உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

எம்.பி.ஏ. நல்ல படிப்புத்தான். ஆனால் அது நாலைந்து வருடம் வேலை செய்து, ஆட்களை நடத்திப் பழகியவர்களுக்கான படிப்பு. உங்கள் மகள் கொழும்புக் கம்பஸில் புள்ளிவிபரவியல் சிறப்புப் பட்டம் முடித்து மூன்று மாதமும் ஆகவில்லை. எம்.பி.ஏ. நுழைவுச் சோதனையான ஜீமெட்டில் அவள் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் அந்த அனுபவம் வந்துவிடாது. செலவையும் பாருங்கள். பெரியப்பா எழுதித் தந்த அமெரிக்கப் பட்டியலில் இருப்பவை இரண்டு வருடக் கட்டணம் மட்டுமே ஒரு இலட்சம் டொலரைத் தாண்டும் இடங்கள். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் மூன்று கோடி. காணிக் காசு அதில் ஒரு மூலைக்கும் காணாது, மிச்சத்துக்கு வட்டிக் கடன்தான். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதை நீங்களும் நானும் பார்த்தோம். ரூபாவில் சம்பளம் எடுக்கும் வீடு டொலரில் கடன்படக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

அன்றைக்கு நாங்கள் பேசிய முக்கால் மணித்தியாலமும் மகள் வாய் திறக்கவில்லை. இறுதியாண்டு ஆய்வு என்ன என்று நான் கேட்ட பிறகுதான் பையிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தாள். கொழும்பு மாவட்டத்தின் கிழமைவாரி டெங்கு எண்ணிக்கை நீல மையில், மழைவீழ்ச்சி பென்சிலில், இரண்டும் ஒரே பக்கத்தில். மழைக் கோடு ஏறிச் சில கிழமை கழித்து டெங்குக் கோடு ஏறுகிறது. 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடத்துக்கு நீலக் கோடு பக்கத்துக்குள் அடங்கவில்லை, மேலே இன்னொரு துண்டுத் தாள் ஒட்டி வரைந்திருந்தாள். "இது ஏன் இப்பிடிப் போச்சுது எண்டு எனக்கு இன்னும் முழுசா விளங்கேல்ல மிஸ்" என்றாள். அந்தக் கொப்பியை நீங்கள் ஒருமுறை வாங்கிப் பாருங்கள் அம்மா.

இப்படி ஒரு பிள்ளைக்கு உயிர்ப்புள்ளிவிபரவியல் என்றே ஒரு துறை இருக்கிறது. நோய் எப்படிப் பரவுகிறது, ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதைக் கணக்கால் கண்டுபிடிக்கும் துறை. அமெரிக்காவில் இது பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பீடங்களுக்குள் இருக்கும். நாலு வருடச் சிறப்புப் பட்டம் உள்ளவர்கள் முதுமாணி இல்லாமலே அங்கே நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். (மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றால் பல இடங்களில் சிக்கல். உங்கள் மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.) நிதியோடு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை கற்பித்தலிலோ ஆய்விலோ உதவுவதற்கு மாதச் சம்பளம் உண்டு. பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதியும் சேர்ந்து வரும். ஒரு ஆள் சிக்கனமாகச் சீவிக்கலாம். முதல் வருடம் வீட்டுக்குக் காசு அனுப்புவாள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதை ஏன் ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஹோட்டல்களில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் மேசை போட்டிருக்கும் முகவர்களில் பலருக்கு, கட்டணம் கட்டிச் சேரும் பிள்ளைக்குத்தான் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கும். சம்பளத்தோடு சேரும் பிள்ளையால் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. இலவசமாகக் கேட்க வேண்டுமென்றால் கொழும்பிலேயே அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது. 1952இலிருந்து இயங்குகிறது. மகளை அங்கே அனுப்புங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். பிஎச்.டி.க்கு ஜீமெட் அல்ல, பட்டமேற்படிப்புக்கான பொது நுழைவுச் சோதனையான ஜீ.ஆர்.ஈ. அதிலும் 2020க்குப் பிறகு நிறையத் துறைகள் அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. ஆகவே முதலில் ஆறு துறைகளைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றின் பக்கத்தையும் வாசித்து, கேட்கிறார்களா இல்லையா என்று எழுதட்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் சோதனைக் கட்டணம் 220 டொலர், அதாவது 66,000 ரூபா, உங்கள் கையில் மிச்சம். கேட்டால் எழுதத்தான் வேண்டும்.

2023 செப்டெம்பரிலிருந்து சோதனை சுருங்கிவிட்டது. மொத்தம் 1 மணி 58 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம். மொழிப் பகுதியில் 27 கேள்வி, 41 நிமிடம். கணக்கில் 27 கேள்வி, 47 நிமிடம். ஒவ்வொன்றும் இரண்டு பிரிவு. முதல் பிரிவை எப்படிச் செய்கிறாளோ அதைப் பொறுத்தே இரண்டாவது பிரிவின் கடினம் அமையும். பிழைக்குப் புள்ளி வெட்ட மாட்டார்கள், எனவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது.

கணக்கு நம்முடைய சாதாரண தரப் பரீட்சையை அதிகம் தாண்டாது. அதுதான் ஆபத்து. புள்ளிவிபரவியல் படித்த பிள்ளைகள் அலட்சியமாகப் போய் ஒப்பீட்டுக் கேள்விகளில் விழுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஒரு எண், மறுபக்கம் அதே எண்ணின் வர்க்கம், எது பெரியது? பிள்ளை 2ஐப் போடும், 3ஐப் போடும், வர்க்கம்தான் பெரியது என்று எழுதிவிடும். 1ஐப் போட்டால் இரண்டும் சமன். அரையைப் போட்டால் வர்க்கம் கால்தான். விடை "தீர்மானிக்க முடியாது". பூச்சியம், ஒன்று, பின்னம், மறை எண் என்ற நாலையும் போட்டுப் பார்க்காமல் விடை எழுதுவதில்லை என்று பழக வேண்டும்.

மொழிப் பகுதிதான் மலை. ஒரு வசனத்துக்கு ஆறு சொல் தந்து, ஒரே கருத்து வரும் இரண்டைக் கேட்பார்கள். ஒன்று பிழைத்தாலும் புள்ளி இல்லை, அரைப் புள்ளியும் கிடையாது. ஆயிரம் சொல்லைப் பாடமாக்க மட்டும் காலி வீதியில் ஒரு வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் நல்ல ஆங்கிலக் கட்டுரை வாசித்து, தெரியாத சொல்லை அது வந்த வசனத்தோடு கொப்பியில் எழுதினால் மூன்று மாதம் போதும். சோதனை நடத்துகிறவர்களே இலவச மாதிரித் தேர்வுகள் தருகிறார்கள். முதல் வாரம் ஒன்று, கடைசி வாரம் ஒன்று. வீட்டிலிருந்தும் எழுதலாம்தான், ஆனால் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுக் கதவு தட்டினாலே இந்தப் பிள்ளை திரும்பிப் பார்ப்பாள். நிலையத்துக்குப் போய் எழுதட்டும்.

பதியும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பதில் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு விதம். எழுத்து மாறினால் வாசலில் திருப்பி அனுப்பலாம். இதை ஐயா பொறுப்பெடுக்கட்டும்.

விண்ணப்பங்கள் அனேகமாக டிசம்பரில் முடியும். விரிவுரையாளர்கள் மூன்று பேரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். நிதியோடு இடம் வந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம், அதற்கு முன் நெருக்க மாட்டார்கள். சோதனை, ஆங்கிலப் பரீட்சை, ஆறு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று இலட்சத்துக்குள் நிறுத்துங்கள். கட்டண விலக்குக் கேட்டு எழுதவும் செய்யலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. முதல் தடவை கிடைக்காமல் போகலாம். அப்போது கொழும்பில் ஒரு வருடம் தரவு வேலை பார்த்துவிட்டுத் திரும்ப விண்ணப்பிக்கலாம், ஜீ.ஆர்.ஈ. புள்ளி ஐந்து வருடம் செல்லும். நிதி இல்லாமல் வெறும் அனுமதி வந்தால், எவ்வளவு பேர்பெற்ற இடமானாலும் போகக் கூடாது.

பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்லக் கஷ்டப்படுகிறீர்கள் என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அடுத்த சனிக்கிழமை காலை மகள் மட்டும் வரட்டும். ஆறு துறைப் பட்டியலும் அந்த சி.ஆர். கொப்பியும் கையில் இருக்க வேண்டும்.