பழைய காரும் பெரிய சக்கரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னுடைய மாருதி 800 காரில் (2004) 12 அங்குல ரிம்மை மாற்றிவிட்டு, 13 அங்குல ரிம்மில் 155/65 டயர் போட்டிருக்கிறேன். நான்கு பேருடன் கொல்லிமலை ஏறும்போது வண்டி திணறுகிறது. இது என் மனப்பிரமையா?

பதில்: மனப்பிரமை அன்று. உங்கள் காருடன் வந்த அளவு 145/70 ஆர் 12. இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 101.5 மி.மீ. அதை மேலும் கீழுமாக இரண்டு முறை கூட்டி, 12 அங்குல ரிம்முக்குரிய 304.8 மி.மீட்டரைச் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 508 மி.மீ. வரும். இப்போது நீங்கள் போட்டிருக்கும் டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 532 மி.மீ. கிடைக்கிறது. வித்தியாசம் 4.7 சதவீதம்.

சக்கரம் ஒரு முறை சுழன்றால் முன்பு 1,595 மி.மீ. நகர்ந்த கார் இப்போது 1,670 மி.மீ. நகர வேண்டியிருக்கிறது, எல்லா கியர்களையும் சற்று உயர்த்தி வைத்ததற்கு இது சமம். சமதரையில் இது தெரியாது. ஆனால் 796 சிசி எஞ்சின் நான்கு பேரைச் சுமந்துகொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடி இழுக்க வேண்டிய இடத்தில், இரண்டாவது கியர் போதாமல் முதல் கியருக்குப் போக நேர்கிறது. இறங்கும்போதும் விளைவு உண்டு: சக்கரம் பெரிதாக ஆக, அதே பிரேக் அதே அழுத்தத்தில் கொடுக்கும் தடுப்பு விசை குறைகிறது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 60 காட்டினால், உண்மை வேகம் 63-ஐ நெருங்கியிருக்கும்.

மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது டயர் தொழிலில் பலரும் கடைப்பிடிக்கும் வரம்பு. தரை இடைவெளி 12 மி.மீ. கூடியது மட்டுமே உங்களுக்குக் கிடைத்த இலாபம். அதற்காக இவ்வளவையும் இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 12 அங்குலத்துக்கே திரும்புங்கள்.

கேள்வி: மாருதி ஜென்னுக்கு 145/70 ஆர் 13-க்குப் பதிலாக 175/60 ஆர் 13 டயரும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலாய் வீலும் போட்டேன். விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஸ்டியரிங் கனத்துவிட்டது. சாலையின் பள்ளக்கோடுகள் வண்டியைத் தம் பக்கம் இழுக்கின்றன.

பதில்: விட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் தவறவில்லை, 533 மி.மீ. 540 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை அகலத்திலும், அதைவிட அதிகமாக ஆஃப்செட்டிலும் இருக்கிறது. ஹப்பில், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடு உறுப்பில், பொருந்தும் ரிம்மின் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி அமைந்திருக்கிறது என்பதே ஆஃப்செட். முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் மிகக் கவனமாகத் தீர்மானித்திருப்பார்கள். வீல் வெளியே தள்ளப்படும்போது அந்த ஏற்பாடு குலைகிறது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தாலோ, அந்த விசை நெம்புகோல்போல ஸ்டியரிங்கைப் பிடுங்குகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அது முழுவதும் உங்கள் கைக்கே வந்து சேர்கிறது. வீல் பேரிங்கும், சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் மூட்டான பால் ஜாயின்ட்டும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு ஓடிய உறுப்புகள் என்பதால் இதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு இதே போன்ற ஒரு ஜென் வந்தது. வளைவில் வரும் உரசல் சத்தத்தை ஷாக் அப்சார்பர் கோளாறு என்று உரிமையாளர் எண்ணியிருந்தார். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மட்கார்டின் உள்விளிம்பில் டார்ச் அடித்தேன்; ஒரு விரல் அகலத்துக்குச் சேறும் பெயின்டும் தேய்ந்துபோய்த் தகரம் பளபளத்தது. டயரின் தோள்பட்டையிலும் அதே உயரத்தில் ஒரு கீறல் சுற்றிவர ஓடியிருந்தது. இன்னும் சில வாரங்கள் ஓடியிருந்தால் வெடித்திருக்கும்.

அகலம் வேண்டுமென்றால் 155/65 ஆர் 13 போதும். அதன் விட்டம் பழைய அளவோடு ஒன்றரை மி.மீட்டருக்குள் ஒத்துப்போகிறது. கம்பெனி ரிம்மின் ஆஃப்செட்டுக்கு நிகரான அலாய் வீலையே தேடி வாங்குங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி காரில் முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் டயர். அப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. காரை இன்றே நிறுத்திவிடுங்கள். 5.20-14 அளவு நைலான் டயர்களுக்கென்றே அமைக்கப்பட்ட கார் அது. ரேடியலில் உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடும்; நைலான் டயரில் அவை சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். வளைவில் ரேடியலின் பக்கச்சுவர் நெகிழ்ந்துகொடுக்க, அதன் அடிப்பரப்பு சாலையை விடாமல் பற்றுகிறது. நைலான் டயரோ சீக்கிரம் பிடியை விடுகிறது. முன்பக்கம் பற்றி, பின்பக்கம் விட்டால், பின்சக்கரங்களால் ஓடும் அந்தக் கார் ஈரச் சாலையில் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருப்பதே முறை. வேறு வழியே இல்லாமல் சில நாள் ஓட்ட நேர்ந்தால், ரேடியல் இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு புது டயர் வாங்க மட்டுமே பணம் இருக்கிறது. முன்சக்கரங்களால் ஓடும் கார் என்பதால் முன்னால்தானே போட வேண்டும்?

பதில்: பின்னால் போடுங்கள். முன்டயர் வழுக்கினால் கார் வளையாமல் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் திருத்த நேரமே கிடைக்காது. பின்பக்கம் இலேசாக இருக்கும் சிறிய கார்களில் இது இன்னும் முக்கியம்.

கேள்வி: அப்பாவின் அம்பாசிடர் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கிறது. டயர் 9,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பட்டன் (டயர் பரப்பிலுள்ள மேடுகள்) நன்றாக இருக்கிறது. இருந்தும் மழையில் வழுக்குகிறதே?

பதில்: ஓடிய தூரத்தைப் பார்க்காமல் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். 1412 என்றிருந்தால் அந்த டயர் 2012-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரானது. வெயிலும் காற்றும் பட்டு இரப்பர் இறுகிவிட்டால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஈரத்தில் பிடிப்பு இருக்காது. பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் நகத்தை அழுத்திப் பாருங்கள். இரப்பர் சற்றும் அமுங்காமல் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் நான்கையும் மாற்றிவிட வேண்டியதுதான். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் எடுத்து அதே எண்ணைப் படியுங்கள். பல வீடுகளில் நான்கும் இரண்டு முறை மாறிய பிறகும் அது மட்டும் கார் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே கிடக்கிறது.