இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்கள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பழைய இராணுவப் பயிற்சி விமானங்களின் படங்களைச் சேர்த்து வருகிறேன். டைகர் மோத், ஸ்டியர்மன், யுங்மன் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. பெயர்களைப் பாடமாக்கினாலும் நிற்பதில்லை. என்ன வழி? (வாசகர், ஹட்டன்)

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றுமே பயிற்சி விமானங்களுக்கு மஞ்சள் பூசின. இன்று பறப்பவற்றில் பலவும் பிற்காலத்தில் புதிதாக வண்ணம் பூசப்பட்டவை.

மூக்கிலிருந்து தொடங்குங்கள். சிலிண்டர்கள் வட்டமாக வெளியே தெரிந்தால் அது ரேடியல் எஞ்சின். எண்ணிப் பாருங்கள்: ஐந்து என்றால் ரஷ்யாவின் போ-2, ஏழோ ஒன்பதோ என்றால் அமெரிக்க ஸ்டியர்மனாக இருக்கலாம். ஸ்டியர்மனின் சக்கரக் கால்கள் தடித்தவை, இறக்கைகள் பின்சாயாமல் நேரானவை. மூக்கு ஒடுங்கி, சிலிண்டர்கள் மூடிக்குள் வரிசையாக இருந்தால் டைகர் மோத், ஜெர்மனியின் யுங்மன், பெல்ஜியத்தின் ஸ்டாம்ப் ஆகிய மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

அடுத்து அய்லரான். இறக்கையின் பின்விளிம்பில், நுனிப்பக்கமாக ஏறி இறங்கும் பலகை அது. டைகர் மோத்துக்குக் கீழ் இறக்கையில் மட்டும்தான் உண்டு. யுங்மன், ஸ்டாம்ப் இரண்டுக்கும் மேலும் கீழுமாக நான்கு. நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. அந்தப் படத்தை வைத்து முடிவு சொல்லவே வேண்டாம்.

பெயர் மனதில் நிற்க, வடிவத்துக்கான காரணத்தைப் பிடியுங்கள். 1931இல் முதலில் பறந்த டைகர் மோத்தின் இறக்கைகள் ஏன் பின்சாய்ந்திருக்கின்றன? அதற்கு முந்திய மோத் வகையில், பயிற்றுநர் அமரும் முன் இருக்கை மேல் இறக்கையின் நடுப்பகுதிக்குக் கீழே இருந்தது. ஆபத்தில் பாரசூட்டோடு வெளியேறுவது கடினம். அதனால் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். தூக்குவிசையின் மையமும் கூடவே முன்னே போனதால், சமநிலைக்காக இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். இந்தக் காரணம் தெரிந்தால் டைகர் மோத்தின் வடிவம் மனதில் நிற்கும்.

ஒரு கொப்பியில் விமானத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத் தோற்றத்தைக் கோட்டுருவமாக வரையுங்கள். மூக்கு, இறக்கைச் சாய்வு, அய்லரான், சக்கரக் கால், வால் என்ற ஐந்தும் போதும். மறுநாள் பார்க்காமல் வரைந்து ஒப்பிடுங்கள். எது தப்பியதோ அதுதான் நீங்கள் சரியாகக் கவனிக்காத உறுப்பு.

அனுபவசாலிகளும் தடுமாறும் இடங்கள் உண்டு. கனடாவில் தயாரான டைகர் மோத்துக்கு இருக்கைகளின் மேல் மூடிய கூண்டு இருக்கும். வாலில் சறுக்குக்கட்டைக்குப் பதில் சிறு சக்கரம். போருக்குப் பின் பயிருக்கு மருந்தடிக்கப் போன ஸ்டியர்மன்கள் பலவற்றில் 450 குதிரைத்திறன் எஞ்சின் ஏறியது. அங்கே சிலிண்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்து வகையைத் தீர்மானிக்க முடியாது.

நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. கொழும்பு கோட்டைக்கு ரயிலில் போய், கரையோரப் பாதையில் இரத்மலானைக்கு மாறுங்கள். அங்குள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் டைகர் மோத் இருக்கிறது. சிப்மங்க் விமானத்தையும் பாருங்கள். டைகர் மோத்தின் இடத்துக்கு வந்த ஒற்றை இறக்கை விமானம் அது. எஞ்சின், டைகர் மோத்தில் உள்ள அதே ஜிப்சி மேஜர் குடும்பம். 1951இல் உருவான இலங்கை விமானப்படை தன் ஆரம்பப் பயிற்சிக்கு எடுத்தது சிப்மங்கைத்தான். ஆகவே ஐம்பதுகளின் இலங்கை விமானப்படைப் படம் கையில் கிடைத்தால், மேல் இறக்கை உண்டா என்பதை முதலில் பாருங்கள்.