சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ்: கேளுங்க, சொல்றேன்

நெல்லுல வருஷா வருஷம் குலை நோய் சார். சூடோமோனாஸ் எப்படிக் கொடுக்கணும்?

இது பயிர் நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா, பவுடரா கிடைக்கும். விதையிலேயே ஆரம்பிங்க. கிலோ விதைக்கு 10 கிராம் பவுடர், ஒரு லிட்டர் தண்ணி, ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில தண்ணியை வடிச்சு 24 மணி நேரம் முளைகட்டி விதைங்க. அடுத்து நாத்து. நாத்தங்கால்ல 10 சதுர மீட்டருக்கு வரப்பு கட்டி, ஒரு இன்ச் தண்ணி நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ கரைச்சு, பறிச்ச நாத்தோட வேரை அதுல அரை மணி நேரம் நனைய விடுங்க. நட்ட 30ஆம் நாள் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கின தொழு உரத்தோட கலந்து தூவணும். மண்ணுல ஈரம் இருக்கணும். தெளிக்கிறதுன்னா லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம் மட்டும். உச்சி வெயில் பாக்டீரியாவைக் கொன்னுடும்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சை மருந்தோட சேர்த்து அடிக்கலாமா?

கூடாது. காப்பர் பாக்டீரியாவையும் கொல்லும். 15 நாள் இடைவெளி விடுங்க.

வாழை வாடல் நோய்க்கு?

சூடோமோனாஸ் 60 மில்லிகிராம் கேப்ஸ்யூல். கிழங்குல சாய்வா 10 செ.மீ. துளை போட்டு உள்ளே வச்சு மண்ணால மூடுங்க. நட்ட 3, 5, 7ஆம் மாசம் வைக்கணும். வாடிப்போன மரம் இதால பிழைக்காது.

ஸ்ட்ரெப்டோசைக்ளின் கலக்கலாமா?

அது ஆன்டிபயாடிக். பாக்டீரியாவைக் கொல்றதுதான் அதோட வேலை.

சூடோமோனாஸ் நோயை எப்படித் தடுக்குது?

வேரைச் சுத்திக் குடியேறி, மண்ணுல இருக்கிற இரும்பைப் பிடிச்சுக்கும். அதுக்காக விடுற பொருள்தான் புற ஊதா வெளிச்சத்துல மஞ்சள் பச்சையா ஒளிரும். இரும்பு கிடைக்காம நோய்ப் பூஞ்சை பட்டினி கிடக்கும். இந்த பாக்டீரியாவுல சில ரகங்கள் பூஞ்சையைக் கொல்ற பொருளும் சுரக்கும். வேர்ல இது இருக்கிறதை உணர்ந்து இலையும் எதிர்ப்புக்குத் தயாராகிடும். அதனாலதான் நோய்க்கு முன்னாடியே கொடுக்கச் சொல்றேன்.

போர்டோ கலவையோட?

அதுல இருக்கிற மயில்துத்தமும் காப்பர்தாங்க! மேலே சொல்லிட்டேன்.

ஒரு கிலோ பவுடர், 2 கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணி. ட்ரம்ல நாங்களே பெருக்கிக்கிறோம். எதுக்கு மறுபடி வாங்கணும்?

பெருகுறது சூடோமோனாஸ்தான்னு எப்படித் தெரியும்? வெல்லம், தண்ணி, ட்ரம் எல்லாத்துலயும் வேற பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இருக்கு. கிருமி நீக்காத வெல்லத் தண்ணியில அதுங்களும் சேர்ந்து வளரும்.

எங்களுக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. புளிச்ச வாசனையும் வருது.

அந்தப் புளிப்பே வேற நுண்ணுயிர் பெருகிட்டதுக்கு அடையாளம். அதை மண்ணுல ஊத்துங்க, தப்பில்லை. விதை நேர்த்திக்கு மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். அதுக்கு புது பாக்கெட், தேதி பார்த்து வாங்கினது, நிழல்ல வச்சிருந்தது.