65 நெருங்குகிறது, மெடிகேரில் எப்போது சேருவது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது 'ஷிப்' என்கிற இலவச மெடிகேர் ஆலோசனைத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் அக்கா பதில் சொல்கிறார். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவ இன்சூரன்ஸ். தொகைகள் எல்லாம் 2025 கணக்கு.

எடிசன், நியூ ஜெர்சி: வருகிற செப்டம்பரில் எனக்கு 65. இன்னும் இரண்டு வருடம் வேலை பார்ப்பேன். மனைவிக்கு 61, என் இன்சூரன்ஸில்தான் இருக்கிறாள். இப்போதே சேர வேண்டுமா?

உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கம்பெனி இன்சூரன்ஸ்தான் முதலில் பணம் கட்டும். பார்ட் பியை, அதாவது டாக்டர் பீஸ், வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதியை, தள்ளிப் போடலாம், அபராதம் கிடையாது. 20க்குக் கீழே என்றால் மெடிகேர்தான் முதலில் கட்ட வேண்டும். நீங்கள் சேராமல் இருந்தால் கம்பெனி இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும், முழு பில்லும் உங்கள் தலையில். அப்படியென்றால் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான உங்கள் ஏழு மாதத்தில், ஆகஸ்டுக்குள் பதிந்துவிடுங்கள்.

பார்ட் ஏ, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்கிற செலவு, 10 வருடம் வரி கட்டி வேலை பார்த்தவருக்கு இலவசம். இலவசம்தானே என்று உடனே எடுத்துவிடாதீர்கள். எச்எஸ்ஏ என்கிற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறவரா? மெடிகேர் தொடங்கிய பிறகு அதில் ஒரு டாலர்கூடப் போடக்கூடாது. 65க்குப் பிறகு சேருகிறவருக்கு பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அதனால் சேருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

அப்புறம் உங்கள் மனைவி. நீங்கள் 67இல் வேலையை விடும்போது அவருக்கு 63. மெடிகேரில் குடும்ப பாலிசி கிடையாது, ஆளுக்கு ஆள் தனி. அந்த இரண்டு வருடத்துக்கு அவருக்குத் தனியாக வாங்க என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு ராஜினாமா தேதியை முடிவு செய்யுங்கள்.

ஆஸ்டின்: 66 வயதில் லே-ஆஃப். பழைய கம்பெனி இன்சூரன்ஸைச் சொந்தக் காசில் தொடரும் கோப்ரா 18 மாதம் இருக்கிறது. அது முடிந்ததும் பார்ட் பி எடுத்தால் போதுமா அக்கா?

போதாது தம்பி! கோப்ரா, ரிட்டயரி இன்சூரன்ஸ் எதுவும் வேலை வழி இன்சூரன்ஸாகக் கணக்கில் வராது. வேலையோ, அந்த வேலையின் இன்சூரன்ஸோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து 8 மாதம்தான் உங்களுக்குக் கெடு. அதைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் பதியலாம். தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஆயுள் முழுக்க.

சான் ஹோசே: அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்து மூன்று வருடம். இருவருக்கும் 70க்கு மேல். கிடைக்குமா?

ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு பணம் கட்டிச் சேரலாம். இங்கே வேலையே பார்க்காதவருக்கு பார்ட் ஏ மாதம் 518 டாலர், பார்ட் பி 185. தலைக்கு 703. நடுவில் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்குவதானால், அந்த ஐந்து வருடக் கணக்கு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ: விசிட்டர் விசாவில் வந்த மாமியாருக்கு?

கிடையாது. டிராவல் இன்சூரன்ஸ் பாருங்கள்.

டொரன்டோ: எனக்கும் 65 வருகிறது...

உங்களுக்கு ஒன்டாரியோ அரசின் இன்சூரன்ஸ் ஓஹிப் இருக்கிறதே சார். இது அமெரிக்கக் கதை.

டாலஸ்: தனியார் கம்பெனி வழியாக மெடிகேர் தரும் அட்வான்டேஜ் பிளானில் பிரீமியம் பூஜ்யம், பல், கண்ணாடி எல்லாம் உண்டு என்கிறார் ஏஜென்ட். மெடிகேர் கட்டாத மிச்சத்துக்கான தனியார் பாலிசியான மெடிகேப்புக்கு எதற்கு மாதாமாதம் அழ வேண்டும்? தவிர, 68இல் நான் கோவைக்கே போய்விடப் போகிறேன். பார்ட் பியே தண்டம் என்பேன்.

இரண்டு கேள்வி. பூஜ்யம் பிளானுக்குத்தான் சார், பார்ட் பியின் 185ஐ பெரும்பாலும் கட்டியே தீர வேண்டும். நெட்வொர்க்கில் உள்ள டாக்டர், முன் அனுமதி என்று கட்டுப்பாடுகள் உண்டு. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஊரில் இருந்தால் பெரும்பாலான பிளான்களில் பெயரையே எடுத்துவிடுவார்கள். மெடிகேப்பில் கேள்வி கேட்காமல் சேர்ப்பது பார்ட் பி முதன்முதலில் தொடங்கிய ஆறு மாதம் மட்டும். பிறகு பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை, இதயம் எல்லாம் விசாரித்து மறுக்கலாம். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. ஜி போன்ற சில மெடிகேப் பிளான்களில் மட்டும், பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் தருவார்கள். ஆயுளுக்கும் 50,000 டாலர் வரை.

டாலஸ் (மீண்டும்): கோவை விஷயத்துக்கு வாருங்கள். மாதம் 185, பத்து வருடத்துக்கு 22,200 டாலர். அந்தப் பணத்தில் அங்கே பைபாஸே செய்துகொள்ளலாம்! திரும்பி வந்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகிறேன்.

பீனிக்ஸ்: நானும் அதே கட்சிதான். பத்து வருடம் கழித்து வந்தால் 100 சதவீதம் அபராதம், அதாவது இன்னொரு 185. மிச்சம் பிடித்த 22,200 தீரவே இன்னும் பத்து வருடம் ஆகும்.

ராலே: பேரனைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்துவிட்டால்? என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது.

கணக்கு டாலஸ் சார் பக்கம்தான், மறுக்கவில்லை. அங்கேயே கடைசிவரை இருக்கிறவர் பார்ட் பி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ராலேக்காரர் கேட்டதுதான் முக்கியம். வெளிநாட்டில் ஓய்வாக இருந்ததற்குச் சிறப்புக் கெடு எதுவும் இல்லை. ஏப்ரலில் புற்றுநோய் என்று தெரிந்து பிள்ளைகளிடம் வருகிறீர்கள். ஜனவரியில்தான் பதியலாம், பிப்ரவரி 1இல்தான் தொடங்கும். உங்கள் இலவச பார்ட் ஏ ஆஸ்பத்திரி அறைக்குக் கட்டும். டாக்டர் பீஸ், வெளிநோயாளியாகப் போடும் கீமோ, ஸ்கேன் எல்லாம் பார்ட் பி. அந்தப் பத்து மாதம் யார் கட்டுவது? பையன் கட்டுவான் என்றால், இப்போதே அவனிடம் கேட்டுவிடுங்கள்.

டாலஸ் (மீண்டும்): பையனிடம் கேட்கிறேன். என்றாலும் நான் கோவையைத்தான் நம்புகிறேன்.

நம்புங்கள் சார்.

ஹூஸ்டன்: சென்னையில் மனை விற்றால் மெடிகேருக்கு என்ன சம்பந்தம்? நண்பர் பயமுறுத்துகிறார்.

சரியாகத்தான் சொல்கிறார். பிரீமியத்தை முடிவு செய்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். சென்னை மனை லாபமும் உங்கள் அமெரிக்க வருமானக் கணக்கில் சேரும். தம்பதியாகத் தாக்கல் செய்கிறவருக்கு 2,12,000 டாலரைத் தாண்டினால் 185 என்பது 259 ஆகும், இருவருக்குமே. வேலையை விட்டதால் வருமானம் குறைந்தது என்றால் எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்துக் குறைக்கலாம். மனை விற்றதற்கு அந்தச் சலுகை இல்லை. முடிந்தால் 63 வயதாகும் வருடத்துக்கு முன்பே விற்றுவிடுங்கள்.

அட்லாண்டா: வேலை போய்விட்டது, கோப்ரா எடுத்திருக்கிறேன்...

மேலே ஆஸ்டின் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். கோப்ரா ஆகாது. ஆகவே ஆகாது.

சியாட்டில்: 65 ஆனதும் கார்டு தானாக வந்துவிடுமா?

ஏற்கெனவே சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வுத்தொகை வாங்குகிறவருக்கு வரும். மற்றவர்கள் தாங்களேதான் பதிய வேண்டும்.

சார்லட்: 67இல் ஓய்வு பெறுகிறேன். என்னென்ன கொடுக்க வேண்டும்?

பார்ட் பி விண்ணப்பம் சிஎம்எஸ்-40பி. கூடவே, 65 முதல் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தீர்கள் என்பதற்கு சிஎம்எஸ்-எல்564. இதில் எச்ஆர் கையெழுத்து வேண்டும். வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பேட்ஜைத் திருப்பிக் கொடுத்த பிறகு எச்ஆரில் ஆளைப் பிடிப்பது லேசில்லை.